கிறவல் கொட்டுவதற்கு முன்

1

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நீர்ச்சுழற்சி பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கடல், மேகம், மலை, ஆறு, மறுபடி கடல். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் ஒரு வீடுகூட இல்லை. எங்கள் கல்முனையில் வீடில்லாத இடம் எங்கே இருக்கிறது? எரிச்சலில் அதைக் கிழித்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

'மாரி மேகங்கள் வங்கக் கடலிலிருந்து மெல்ல எழுந்து—'

(வேண்டாம். மேகத்துக்கு என்ன கவலை? கவலைப்படுகிற ஆள் வேண்டும்.)

ஜவுபர் தன் இளைய மகள் ஸம்றாவுக்கு வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் கல்யாணமில்லை. அவரிடம் மிச்சமிருப்பது மூத்தவள் சரீபாவின் வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளக்காணி மட்டும்தான். அதைக் கிறவல் மண்ணால் நிரப்பப் போகிறார்.

3

(கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) மேற்கே காடு இருந்தவரை மழையை மண் குடித்து ஆறுதலாக, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விட்டது. காடு வெட்டிய சரிவில் தண்ணீர் நிற்காமல் ஓடிவருகிறது. வயலும் பள்ளமும் அதை ஏந்தி வைத்துத் தோணாவுக்கு* அனுப்பும். பள்ளத்தை நிரப்பினால் தண்ணீர் இல்லாமல் போகாது, அடுத்த வீட்டு வளவுக்குப் போகும்.

* ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடை. இப்போது குப்பையையும் கொண்டுபோகிறது.

4

கிறவல் ஏற்றிய டிப்பர் லொறி வந்துவிட்டது. சரீபா குறுக்கே நிற்கிறாள்.

"வாப்பா, இதுல கிறவல் கொட்டினா மாரிக்கு என்ட ஊட்டுக்குள்ளதான் தண்ணி வரும்."

"அப்ப தங்கச்சிய கல்யாணமில்லாம குமராவே வெச்சிருக்கச் சொல்றியா மகள்?"

நான் சரீபாவின் பக்கம். அவளுக்காக நீண்ட வசனமொன்று எழுதி வைத்திருந்தேன். அதற்குள் பக்கத்து வளவு சுல்பிகா, கதையில் நான் சேர்க்கவே இல்லாதவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உன்ட ஊடு கட்டக்குள்ளயும் பள்ளத்த நிரப்பித்தானே கட்டினீங்க சரீபா. அந்த நாளிலரிந்து மாரி வந்தா என்ட குசினிக்குள்ள அடுப்பு வரைக்கும் தண்ணி. அப்ப நீ ஒண்டும் கதைக்கல்லயே."

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழுதி வைத்த வசனத்தை அடித்து நீக்கினேன்.

5

முடிவு ஒன்று: கிறவல் கொட்டுகிறார்கள். ஸம்றாவுக்கு நிக்காஹ். சரீபா கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்துகிறாள்.

முடிவு இரண்டு: கொட்டவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஸம்றாவும் வீட்டில் நிற்கிறாள்.

முடிவு மூன்று: ராத்தா சரீபாவின் வீட்டுக்கு மேல்மாடி எடுத்து ஸம்றாவை அங்கே... ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தனி வீடு கேட்டால்—

என்னால் கதையை முடிக்க முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள். சொல்லுமுன் ஒன்று: நீங்கள் இருந்து வாசிக்கிற வீட்டுக்கு அடியில் முன்பு என்ன இருந்தது? அந்தத் தண்ணீர் இப்போது யாருடைய குசினிக்குள் போகிறது?

டிப்பர்க்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.