விசுவாசிகளுக்கு மட்டும் எவர்சில்வர் குடம்

மனிதகுல வரலாற்றில் விசுவாசத்தின் பொற்காலம் 1968-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுங்குவார்சத்திரத்தில் தொடங்கியது. மைக் செட் வாடகை பதினைந்து ரூபாய். பஞ்சாயத்துத் தலைவர் ரிப்பனை வெட்டிவிட்டு, நாணயம் தவறாத வாழ்க்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் அவரோடு போய்விட்டது. பிறகு மளிகைக்கடைத் தணிகாசலம் திட்டத்தை அறிவித்தார். ஐந்து ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் அட்டையில் ஒரு முத்திரை. நூறு முத்திரைக்கு ஓர் எவர்சில்வர் குடம். கடை வாசலில் ‘விசுவாசிகளுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டியிருந்தார். வேறு கடைக்குப் போகாதவர்கள் என்ற அர்த்தத்தில்தான் எழுதினார். லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் பெரியநாயகத்தின் மனைவி சவரியம்மாள் வாசித்தது வேறு. விசுவாசி என்பது அவளுக்குப் பூசையில் காதில் விழுந்து பழகிய சொல். திருச்சபைக்கும் தணிகாசலத்துக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று நினைத்து, முழங்காலிடாத குறையாக அட்டையை வாங்கிக்கொண்டாள். மகள் ரோஸிக்கு அப்போது பன்னிரண்டு வயது. எவர்சில்வர் குடத்தோடு போகிற பெண்ணை மாமியார் வீட்டில் யாரும் லேசாகப் பேச முடியாது. ரொக்கம் கொடுத்து வாங்க அறுபது ரூபாய் அந்த வீட்டில் ஒரே நாளில் சேர்ந்ததே இல்லை.

ஏழாவது முத்திரை விழுந்த அன்று, அடுப்படிப் பலகையில் குடத்தின் விளிம்பு வந்திருந்தது. வளையல் மாதிரி, விளிம்பு மட்டும். இருபதாவது முத்திரைக்குக் கழுத்து, ஐம்பதாவதுக்குப் பாதி வயிறு. மேலிருந்து கீழாக வந்ததால், முடிகிறவரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. தணிகாசலத்தைக் கேட்டதற்கு, அது கம்பெனி ஏற்பாடு என்றார். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸுக்கு நின்றபோது சவரியம்மாள் வேறு கடையில் சீரகம் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் குடம் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதாள். சாமியார் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். சற்று நேரம் கழித்து, அங்கே சீரகம் என்ன விலை என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு அவள் தவறவில்லை. மாதக் கடைசியில் முத்திரைக்கு ஒரு ரூபாய் குறைந்தால், இருக்கிற உப்போடு இன்னும் உப்பு வாங்கிக் கட்டிலடியில் வைத்தாள். பதினைந்து வயதில் ரோஸி தையல் வகுப்பில் சேர்கிறேன் என்றாள். மாதம் நாலு ரூபாய். “அந்த நாலு ரூபாய்ல முக்கால் முத்திரை வந்துடும்டி, உனக்குத்தான சேக்கறேன்” என்றாள் சவரியம்மாள். ரோஸி இரண்டாம் முறை கேட்கவில்லை.

1975-இல் நூறாவது முத்திரை விழுந்தது, குடம் முழுசாக உட்கார்ந்தது. அட்டையைக் கடையில் ஒப்படைத்துவிட்டால் பிறகு அது குறையாது. வீட்டில் குடத்தைப் பார்த்துவிட்டு அவள் அட்டையோடு திரும்பிப் போவதற்குள் தணிகாசலம் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார், கடை பூட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து, மாப்பிள்ளை கிறிஸ்துதாஸின் அம்மா செல்வமேரி, சீர்ச் சாமான்களைப் பார்க்க வந்தாள். காபி கொதித்தது, வீட்டில் சர்க்கரை இல்லை. சம்பந்திக்குச் சர்க்கரை இல்லாத காபி கொடுப்பதா, விசுவாசமா என்று சவரியம்மாள் வாசற்படியில் நின்று யோசித்தாள். பிறகு எதிரே நடேசன் கடைக்கு ஓடி நூறு கிராம் வாங்கிவந்தாள்.

செல்வமேரி கனம் பார்க்கக் குடத்தைத் தூக்கினாள். அதன் வழியாகச் சவரியம்மாளின் முகம் முழுசாகத் தெரிந்தது.

“இன்னா சம்பந்தி, அடி எங்க?”

“அடுத்த மாசம் வந்துடும்.”

செல்வமேரி குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். “எங்க வூட்லயும் ஒரு இட்லிப் பானை கீது. மூடி மட்டும்தான் வந்துகீது” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாள். கல்யாணத் தேதி குறிக்கப்பட்டது.

தணிகாசலம் மொட்டைத் தலையோடு திரும்பிவந்து, முதல் வேலையாகப் போர்டைக் கழற்றினார். அட்டையோடும் மன்னிப்போடும் போய் நின்ற சவரியம்மாளிடம், “விசுவாசம் கட்டுப்படியாகலைம்மா” என்றார். அன்று பெரியநாயகம் கட்டிலடியிலிருந்த சாமான்களை எடுத்து வெளியே வைத்துக் கணக்குப் போட்டான். தேவையில்லாமல் வாங்கியது மட்டும் இருநூற்று முப்பது ரூபாய். மூன்று குடமும் ஒரு வருஷத் தையல் வகுப்பும். கணக்கை ஒருமுறை சத்தமாகச் சொன்னவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாமான்களைத் திரும்ப உள்ளே தள்ளினான்.

ரோஸி அடியில்லாத குடத்தோடுதான் பிள்ளைப்பாக்கம் போனாள். அதைத் தினமும் துலக்கிக் கூடத்தில் வைத்தாள். வருகிறவர்கள் நல்ல குடம் என்றார்கள், அது உண்மையும்கூட. ஒருநாள் பார்க்கப் போன சவரியம்மாள், “உன்னத் தையல்ல சேத்திருக்கணும்” என்று ஆரம்பித்தாள். ரோஸி, “குடம் நல்லாத்தாம்மா கீது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தத் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்தில் எடுத்தது. விலை ஆறு ரூபாய்.