இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கஸ்பார் மேஸ்திரி இராயபுரம் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, "பெரியவரே, உங்க செருப்பு!" என்று நீட்டினாள். குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. ஒரு தெரு முழுக்க அப்படியே நடந்திருக்கிறார். சித்திரை மாதத்துத் தார்ச்சூடுகூட அந்தக் காலுக்கு எட்டவில்லை.

"வாரு பிஞ்சிபோச்சுன்னு நான்தான் வுட்டுட்டு வந்தேன்" என்றார்.

வார் பிய்யவில்லை. அவளும் அதைப் பார்த்தாள். செருப்பைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார். கஸ்பார் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை. மனைவி அடைக்கலமேரி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. மகன் பாஸ்கல் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தான். மாதம் ஒருமுறை வந்து, "எங்களோடயே வந்துடு நைனா" என்று கூப்பிட்டுவிட்டுப் போவான். கால் விஷயம் தெரிந்தால் கூப்பிடமாட்டான், தூக்கிக்கொண்டே போய்விடுவான்.

கஸ்பாரின் பாட்டனார் அலைக்குள் மசூலாப் படகு செலுத்தியவர். தகப்பனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கஸ்பார் அதே துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் டிராக்டர் ஓட்டி, டிரைவர்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை ஓய்ந்து மகன் வீட்டில் தட்டு நீட்டியவன் அந்தக் குடும்பத்தில் ஒருவனும் இல்லை. முதல் ஆளாகத் தாம் இருப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அதற்கு ஒரு வழியும் கண்டிருந்தார். அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து ரயிலடிக்கு உப்பு இழுக்கும் வேலையைக் காண்டிராக்டர் லட்சுமணன் தருவதாகச் சொல்லியிருந்தான். ஒரே நிபந்தனை. "சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கிக்கினு வா மேஸ்திரி. ஆனா ஓட்றது நீதான். ஆள் போட்டு ஓட்டுவேன்னா எனக்கு வேணாம்."

திங்கட்கிழமை காலை கஸ்பாரும் லட்சுமணனும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கமாலுதீன் பாயின் யார்டுக்குப் போனார்கள். துறைமுகம் ஏலம் விட்ட வண்டிகளைச் சீர்செய்து விற்கும் இடம் அது. சின்ன டிராக்டர்கள் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு, கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுவது. இன்னொன்று மஞ்சள், சீமையிலிருந்து வந்தது, கிளட்சே கிடையாது. முன்னே போக ஒரு நெம்புகோல், பின்னே போக ஒரு நெம்புகோல், மற்றதை உள்ளே சுழலும் எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

மஞ்சள் வண்டியைக் கஸ்பார் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்குத் துறைமுகத்தில் ஒரு பெயர் உண்டு.

பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவு என்ற டிரைவரின் இடது காலில் சரக்குப் பெட்டி விழுந்தது. மூன்று மாதம் கழித்து அவன் திரும்பியபோது, புதிதாக வந்த கிளட்ச் இல்லாத வண்டியை அவனுக்குக் கொடுத்தார்கள். கேன்டீனில் நாற்பது பேர் நடுவில் கஸ்பார்தான், "இடது காலுக்கு வேலையில்லாத வண்டி, நொண்டி வண்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் வண்டியோடு நிற்கவில்லை. நொண்டி அப்பாவு இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போனான்.

அந்த அப்பாவுதான் இப்போது கையில் ஸ்பானரோடு யார்டின் மூலையிலிருந்து எழுந்து வந்தான். பாயிடம் மெக்கானிக்காம். கஸ்பாரைப் பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை.

"சிவப்பு வண்டி கல்லு மாதிரி கீது பெரியவரே, ஒரு ரவுண்டு வுட்டுப் பாருங்க" என்றார் பாய்.

கஸ்பார் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதிக்குமுன் குனிந்து காலைப் பார்த்தார். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். லட்சுமணன் அதைக் கவனிக்கவில்லை. பாயும் கவனிக்கவில்லை. அப்பாவு கவனித்தான்.

வண்டி கிளம்பி நேராகப் போயிற்று. சுவரோரம் திருப்பிக் கியர் மாற்றும்போது கால் பெடலைவிட்டு வழுக்கியது. வண்டி குதிரைபோல ஒரு துள்ளு துள்ளி, சுவருக்கு ஒரு சாண் தள்ளி அணைந்து நின்றது.

"இன்னா மேஸ்திரி, கல்யாண மாப்ள மாதிரி ஒதறுற?" என்று லட்சுமணன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண் கஸ்பாரின் காலை நோக்கி இறங்கிற்று.

அப்பாவு விந்தி விந்தி நடந்துவந்து இருவருக்கும் நடுவில் நின்றான். "வண்டிலதான் கோளாறு. கிளட்ச் பிளேட்டு ஒயுங்கா ஒக்காரல. எந்த டிரைவர் ஏறினாலும் இது இப்டித்தான் தூக்கியடிக்கும்."

"இன்னாப்பா பேஜார் பண்றே? போன வாரம்தானே புது பிளேட்டு போட்டே!" என்றார் பாய்.

"போட்டவன் நான்தானே பாய். தப்பு என்னுது. கூலில புடிச்சிக்கோ." அப்பாவு லட்சுமணன் பக்கம் திரும்பினான். "உப்பள வரப்புக்குக் கிளட்ச் வண்டியே ஆவாது. ஈரத்துல வெடுக்குனு வுட்டா சக்கரம் சுத்தி அங்கியே குழி தோண்டும். மஞ்ச வண்டி ஊர்ந்துகினே பூடும். டீசல் ரவ ஜாஸ்தி குடிக்கும், அவ்ளோதான்."

லட்சுமணன் யோசித்துத் தலையாட்டினான். "ஆமா, இதுக்கு ஹார்பர்ல ஏதோ ஒரு பேரு சொல்வாங்களே, இன்னாது அது?"

அப்பாவு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஞாபகம் இல்ல" என்றான்.

"நொண்டி வண்டி" என்றார் கஸ்பார். "பேரு வெச்சவன் நான்தான்."

லட்சுமணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்போ நீயே ஓட்டு!" அப்பாவு சிரிக்கவில்லை. கஸ்பார் சொல்ல வேண்டிய சொல் வேறு ஒன்று இருந்தது. அது அவர் வம்சத்தில் யாரும் சொல்லிப் பழகாத சொல்.

பேரம் முடிந்து லட்சுமணன் பஸ் ஏறிப் போனான். கஸ்பார் மஞ்சள் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது அப்பாவு பக்கத்தில் வந்தான். எண்ணெய் துடைக்கும் கழிவுப் பஞ்சில் சுற்றிய எதையோ பாய்க்குத் தெரியாமல் அவர் மடியில் வைத்தான்.

"சிவப்பு வண்டி பெடலாண்ட கெடந்துச்சு."

பிரித்தார். அவருடைய இடது கால் செருப்பு.

காதுவரை சூடேறியது. "ஏறு அப்பாவு. வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்" என்று மட்கார்டைக் காட்டினார்.

"வேணாம் மேஸ்திரி. நான் நடந்தே பூடுவேன்" என்றான் அப்பாவு. "நடந்து பழகிட்ச்சு." கோபமில்லாமல்தான் சொன்னான். கோபம் இருந்திருந்தால் கஸ்பாருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.

நெம்புகோலைத் தள்ளினார். வண்டி துள்ளாமல், சத்தமில்லாமல், தண்ணீரில் இறங்குகிற படகுபோலக் கிளம்பியது. அவர் எதிர்பார்த்ததைவிட நல்ல வண்டி. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

தண்டையார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினார். கிளட்ச் மிதித்த பழக்கத்தில் இடது தொடை தானாக எழுந்து அழுத்தியது. குனிந்து பார்த்தார். மரத்த கால் வெறும் இரும்புத் தகட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. மடியிலிருந்த பஞ்சுப் பொட்டலத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.