சாய்ந்த ஹாலிஹாக்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிரேன் ஓட்டுவது அவன் தொழில். கழுத்தும் காலும் நீளமாக இருந்ததால் கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். செடி கொடி பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

அவன் மனைவிக்கு அவளுடைய அக்கா ஹாலிஹாக் என்ற பூச்செடியின் விதைகள் கொடுத்திருந்தாள். மனைவி அவற்றை வீட்டின் பின்சுவரை ஒட்டி விதைத்தாள். முதல் வருஷம் முழுக்க வெறும் இலைதான். சொரசொரப்பாக, தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. துருப் பிடித்தாற்போல் புள்ளி விழுந்த இலைகளை அவள் கிள்ளிக் கிள்ளி எறிந்தாள். பூ அடுத்த வருஷம்தான் வரும் என்று தெரிந்ததும், அதுவரை கீரையாகவாவது கடைந்து தின்னலாமா என்று கேட்டான் கொக்கு. அவள் சிரிக்கவில்லை.

குளிரில் இலையும் கருகிப்போனது. இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போக, அவள் குறுக்கே வந்து நின்றாள். வேர் ஆழத்தில் உயிரோடுதான் இருக்கிறது, வெட்டினால் அவ்வளவுதான் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான்.

குளிர் விலகியதும், பிழைத்திருந்த ஒரே செடியில் தண்டு கிளம்பியது. அவன் வெளியூர் வேலைக்குப் போகும்போது முழங்கால் உயரம். திரும்பி வந்தபோது அவன் தலையைத் தாண்டி நின்றது. தண்டு நெடுக மொட்டு. அடி மொட்டுகள் மட்டும் கருஞ்சிவப்பாக விரிந்திருந்தன. அவன் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பேய்க்காற்று அடித்தது. கிரேனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவன், தண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து துணிக்கொடிக்குப் போகும் வழியை மறித்துக் கிடப்பதைப் பார்த்தான். ஒரு பக்கத்து வேர் வெளியே தெரிந்தது. கயிறும் கழியும் கொண்டுவந்தான். நிமிர்த்தினால் முறிந்துவிடும் என்று மனைவி தடுத்தாள். வெளியே தெரிந்த வேருக்கு மட்டும் மண் அணைத்தார்கள். துணிக்கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினான்.

சில நாள் கழித்துக் காலையில் அவன்தான் முதலில் கவனித்தான். தரையில் கிடந்த தண்டின் நுனி வளைந்து தலையைத் தூக்கியிருந்தது. நாளுக்கு நாள் அந்த வளைவு செங்குத்தாகிக்கொண்டே போனது. மொட்டுகளும் தங்கள் வரிசையை மறக்கவில்லை. படுத்துக் கிடந்த பகுதியில் ஒவ்வொன்றாக விரிந்து முடித்து, வளைவைக் கடந்து, நிமிர்ந்த பகுதியில் ஏறத் தொடங்கின.

கொக்கு மண்ணிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு பூவுக்குள் தேனீ ஒன்று உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு புரண்டது. மனைவி தேநீரோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எங்க கிரேன் ஒரு விரக்கடை சாஞ்சாப் போதும், எல்லாரையும் தூர ஓடச் சொல்லிடுவோம். அப்புறம் பிரிச்சு எடுக்க வேண்டியதுதான்," என்றான் தணிந்த குரலில். "இது முழுசா விழுந்துடுச்சு. கண்ணும் கிடையாது. மேல எதுன்னு இதுக்கு யாரு சொன்னா?"

அவள் தேநீரை அவன் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் தெரியலைங்க."

விடுமுறை நாளன்று, கீழே நின்று அவனுக்குச் சைகை காட்டும் கூட்டாளியை வீட்டுக்கு அழைத்து வந்தான். நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனான். விழுந்து கிடந்த செடியைக் கையால் காட்டினான். கூட்டாளி தண்டு கிடந்த வழியே பார்வையை ஓட்டி, வளைவுக்கு வந்து, அங்கிருந்து மெல்ல மேலே பார்த்தான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான்.