காலர் அளவு

அந்தக் கழுத்தை விடு. உன் கை அங்கே படக்கூடாது.

தையல்காரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாத்தனார் ஈரத்துணியால் அண்ணன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் அவர் மூச்சு அடங்கி அரைமணி ஆகியிருந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவு வீக்கங்கள். அவர் போன பிறகும் அவை மட்டும் அப்படியே இருந்தன.

கல்யாணமானதிலிருந்து கணவருக்குச் சட்டை தைத்தது அவள்தான். போன வருடம் காலர் இறுக்குகிறது என்றார். டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். அரை அங்குலம் கூடியிருந்தது. கூட்டித் தைத்தாள். மூன்று மாதத்தில் மறுபடி அரை அங்குலம். தன் கைச்சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று உள்ளூரப் பெருமைகூட. அக்குள் பிடிக்கிறது என்றபோது அங்கேயும் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள்.

நாத்தனார் பேக்கரியில் மாவு பிசைகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், விளையாட்டாக அண்ணன் கழுத்தை வளைத்துப் பிடித்தாள். பிடித்த கை நின்றுவிட்டது.

"என்னண்ணா இது, உருண்டை உருண்டையா?"

மறுநாளே மருத்துவமனை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கண்டபடி பெருகிய வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களில் போய் அடைந்துகொள்கின்றன, வீக்கம் அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். கிருமியைத் தடுத்து நிறுத்த வேண்டிய காவல் இடங்களாம் அவை.

அன்றிலிருந்து, பார்க்க வந்த எல்லோரிடமும் தங்கை கண்டுபிடித்த கதையையே அவர் சொன்னார்.

"மாவுல கட்டி தேடுற விரலுங்க. என்னை மட்டும் விட்டுருமா?"

தங்கை சிரிப்பாள். தையல்காரியும் சிரித்து வைப்பாள். காலரை இரண்டு தடவை கூட்டித் தைத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள்மேல் பழி வராமலிருக்கத்தான் மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையில் கழுத்து இருந்தது, தங்கை இருந்தாள். அவள் இல்லவே இல்லை.

உடலை எடுக்கப் பத்து நிமிடத்தில் ஆள் வரும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "அவங்க வர்றதுக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் நான் மட்டும் அண்ணன்கூட இருக்கட்டுமா? நீங்கதான் தினமும் இருந்தீங்களே."

கேட்டதில் தப்பில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் எழுந்து போயிருப்பாள்.

"இல்லம்மா," என்றாள், மெதுவாக.

சரியாகக் காதில் விழாததுபோல் நாத்தனார் காத்து நின்றாள். தையல்காரி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.