என்னைப் பார்க்க வந்த ஹோட்டல்

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. என்னைப் பார்க்க வந்த ஹோட்டலுக்குப் பத்து மாடி என்று எழுதியிருந்தேன். பதினொன்று. பேச்சின் நடுவே ஒரு மாடி எழுந்து வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தது. அதை எண்ணாமல் விட்டுவிட்டேன்.

சீனாவுக்குப் போகிறவர்களை ஹோட்டல் நேரில் வந்து பார்க்கும். பிடித்திருந்தால் அறை கொடுக்கும். திருப்பூரில் இதற்கெல்லாம் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. தெருமுனையில் ஒரு கட்டடம் திரும்ப முடியாமல் நின்றால், "யார் வீட்டுக்கு?" என்று மட்டும் கேட்பார்கள்.

நான் ஒரு பட்டன் கம்பெனியில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் சீனாவில், குவாங்சோ நகரத்தில் கண்காட்சி. கம்பெனி ஒருவரைத்தான் அனுப்பும். போன வாரம் முதலாளி திருமூர்த்தி என்னையும் கூட வேலை செய்யும் பிரதாபனையும் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாருக்கு ரூம் கெடைக்குதோ அவங்க போங்க," என்றார். "ரெண்டு பேருக்கும் கெடைக்கலீன்னா பட்டன் தனியாப் போகட்டும். அதுக்கு உங்களவிட அறிவு இருக்குது."

நான்கு ஓட்டைப் பட்டனுக்கும் இரண்டு ஓட்டைப் பட்டனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பிரதாபன் "ரெண்டு" என்பான். அவன் போகக் கூடாது. நான் போக வேண்டும்.

இதற்காகவே இரண்டு வருடமாக மாலை வகுப்பில் சீனம் படிக்கிறேன். முதல் பாடம் முடிந்துவிட்டது. இரண்டாம் பாடம் வராந்தாவின் கடைசி அறையில். நாங்கள் நடக்க நடக்க வராந்தா நீள்கிறது. சார் முன்னால் நடக்கிறார். யாராவது கேட்டால், "வந்துருச்சு, வந்துருச்சு," என்கிறார். மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து நடக்கிறோம்.

இந்த லட்சணத்தில் பிரதாபனை மட்டம் தட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் தட்டுகிறேன்.

ஹோட்டல்களைக் கூட்டிவருவது டிராவல்ஸ் சென்னியப்பன். இதுவரை வந்தவை என்னை வேண்டாம் என்றுவிட்டன. பாஸ்போர்ட் போட்டோவில் தெரிகிற அளவுக்கு நேரில் உயரம் இல்லை என்றது ஒன்று. என் பெட்டிக்குச் சக்கரம் இல்லாததைக் குடும்பத்தின் குறையாக எடுத்துக்கொண்டது இன்னொன்று.

நேற்று வந்ததைப் பற்றி, "நல்ல இடம் அம்மிணி. மெட்ரோ பக்கத்துல. கெட்ட பழக்கம் எதுவும் இல்லீங்க," என்றார்.

ஹோட்டல் குனிந்து எங்கள் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தது. லிஃப்ட் மட்டும் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாழைக்காய் பஜ்ஜி வைத்தாள். நான்காம் மாடி ஜன்னல் வழியாகத் தட்டு உள்ளே போனது. காலியாக வந்தது. மறுபடியும் போனது.

பேசியது எல்லாம் கூட வந்த அதன் அக்கா. அக்கா நான்கு நட்சத்திர ஹோட்டல். அதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரியப்படுத்தியது.

"பொண்ணு காலைல எப்ப எந்திரிக்கும்?"

"வெடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுருவாளுங்க," என்றாள் அம்மா. பொய்.

"துண்டக் கீழ போடுமா?"

"மடிச்சுத்தானுங்க வெப்பா."

"எங்க, கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க."

நடந்தேன். எல்லா மாடியும் பார்த்தது. மூன்றாம் மாடி ஏதோ சொல்ல, இரண்டாம் மாடி சிரித்தது.

"என்ன படிச்சிருக்குது?"

"சைனீஸ் படிக்கறாளுங்க."

"படிச்சுட்டுப் போகட்டும். எங்க கிட்டப் பேசாம இருந்தாச் சரி."

பிறகு அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "எங்க பொண்ணு எதுன்னாலும் அனுசரிச்சுக்குவாளுங்க."

அம்மா இதை எல்லா இடத்திலும் சொல்வாள். ஒருமுறை பஸ் கண்டக்டரிடம் சொன்னாள். கோயம்புத்தூர் வரை இன்ஜின் மேல் உட்கார்ந்து போனேன்.

அக்கா எழுந்தது. "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்."

இன்று சாயங்காலம் சென்னியப்பன் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"புடிச்சுப்போச்சு அம்மிணி! ரூம் தர்றாங்க. ஜன்னல் மட்டும் இல்ல."

"ஏன் இல்ல?"

"நீங்கதான் அனுசரிச்சுக்குவீங்களாமே. ஜன்னலெல்லாம் அனுசரிக்காதவங்களுக்குங்க."

"நான் உள்ள போய்ப் பாக்கோணும்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"யாருங்க இதெல்லாம் கேப்பாங்க?" என்றார். "அதுதான் உங்களப் பாத்துட்டுப் போயிருச்சே."

"வரச் சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

மார்ச் 12, புதன்.

ஹோட்டல் வந்தது. அக்காவும் வந்தது. அம்மா பஜ்ஜி மாவைக் கரைத்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நான் உள்ளே போனேன். ஐந்தாம் மாடியில் எனக்கென்று ஒதுக்கிய அறை. சுவரில் கனமான திரை தொங்கியது. விலக்கினேன். சுவர். சுவரைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

பக்கத்து அறையில் ஒரு பெண் கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கரூர்க்காரர். போர்வை வியாபாரம். போன முறை நடந்த கண்காட்சிக்கு வந்தவர்.

"கண்காட்சி எப்படி இருந்துச்சுங்க?" என்றேன்.

"நடக்குதா, முடிஞ்சுதான்னு தெரியலீங்க. எட்டிப் பாக்க ஜன்னல் இல்லீங்களே."

"கதவு இருக்குதே?"

"இருக்குதுங்க. தொந்தரவு செய்ய வேண்டாம்னு போர்டு மாட்டியிருக்காங்க. நான் யாருக்கும் தொந்தரவு குடுக்கறதில்லீங்க."

அவருடைய பெட்டி இன்னும் கட்டிய கயிற்றோடு இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழவில்லை. "போறப்ப சாத்திட்டுப் போங்க," என்றார். வராந்தாவில் எல்லாக் கதவிலும் அதே போர்டு. எல்லா அறையிலும் மூச்சுச் சத்தம். கீழே இறங்க வெகுநேரம் ஆனது. படிகள் ஒவ்வொன்றும் முதலில் என்னைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வழி விட்டன.

ஹாலுக்கு வந்து நின்றேன். "எனக்குப் புடிக்கல," என்றேன்.

லிஃப்ட் நின்றது.

"யாரு, யாரச் சொல்றது?" என்றது அக்கா.

"நான் உங்க தம்பியச் சொல்றேன்."

"நாலு ஸ்டார் குடும்பமுங்க நாங்க!"

கத்திய வேகத்தில் ஒரு நட்சத்திரம் கழன்று பஜ்ஜித் தட்டில் விழுந்தது. அம்மா அதை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, மரியாதையாக நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டது. அதன் பிறகு மூன்று நட்சத்திரக் குரலில்தான் பேசியது.

ஹோட்டல் வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. இங்கிருந்து நேராக பிரதாபன் வீட்டுக்குப் போனது. அவன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வெளியேகூடப் பார்க்கவில்லையாம். சரி என்றுவிட்டான்.

முதலாளி போன் செய்தார். "மேகலா, பிரதாபன் போறான்."

"அவன் ரூம்ல ஜன்னல் இல்லீங்க."

"அவன் எதுக்கு வெளிய பாக்கோணும்? பாத்தா மட்டும் தெரியவா போகுது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்க. நான் நேராக் குவாங்சோவுலயே பேசி ரூம் வாங்கிட்டேன்னா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ போ. பிரதாபன நான் சமாளிச்சுக்கறேன். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

ஹோட்டலை அங்கே விட்டுவிட்டு எங்களைத் திட்டத் திரும்பி வந்த சென்னியப்பன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இனி என் வீட்டுப் பக்கம் எந்தக் கட்டடமும் தலைவைத்துப் படுக்காது என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குவாங்சோவ வரச் சொல்லுங்க," என்றேன்.

"எந்த ஹோட்டலுங்க?"

"ஹோட்டல் இல்ல. ஊரு. நான் பாக்கோணும்."

"அம்மிணி, கோடிக்கு மேல ஜனமுங்க. ஆறு வேற இருக்குது."

"ஆத்தையும் கூட்டிட்டு வரட்டும்."

பைத்தியங்களிடம் காட்டும் பொறுமையோடு போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். நிறையப் பேர் பேசுவது கேட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு அனுசரிச்சுப் போகுமான்னு கேக்குதுங்க."

அம்மா வாயைத் திறந்தாள். நான் அதில் ஒரு பஜ்ஜியை வைத்தேன்.

"போகாதுன்னு சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சிக்னல் விழுந்தது. எல்லாம் நின்றது. இத்தனை வருடம் படித்ததை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"சரி, வருதாமுங்க," என்றார் சென்னியப்பன். அவருக்கு ஏமாற்றம். "நாளைக்குக் காலைல."

அம்மா பஜ்ஜியை மென்று விழுங்கினாள். "அத்தன பேருக்கும் காப்பி யாருடி போடறது?" என்றாள். அவளே எதிர்வீட்டில் பெரிய பாத்திரம் கேட்கப் போனாள்.

நாளை, வியாழன்: காலையில் முதல் வேலையாக வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைச் சந்துக்குள் தள்ளி நிறுத்த வேண்டும். ஊர் வந்து நிற்க இடம் வேண்டும்.