பாதியிலும் பாதி

அந்த வீடியோ நாற்பது வினாடிதான் ஓடும். க்ளென் டுகன் சர்ச் ஹாலின் மரத்தரையில் உட்கார்ந்திருக்கிறான். வலது கையைப் பின்னால் ஊன்றி, இடுப்பை லேசாக ஒரு பக்கம் உருட்டி, இடது காலை மடக்கித் தன் பக்கம் கொண்டுவருகிறான். சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸை விரல்களில் மாட்டி, குதிகாலைத் தாண்டி இழுத்துவிடுகிறான். அவ்வளவுதான். முடித்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் "ஆஹா!" என்கிறாள். அந்தப் பெண் நான்தான். இப்போது அந்தக் குரலை நினைத்தாலே காது கூசுகிறது.

நான் சொல்லித்தருவது என்னவென்று எங்கள் ஊர் பெண்டாராவில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். "வீட்டுல தூக்கம் வராதவங்களை ஹெதர் ஹால்ல தூங்க வைக்கிறா" என்பது மாரிஸின் விளக்கம். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து முதல் ஆளாகக் குறட்டை விடுபவரும் அவர்தான். உண்மையில் செய்வது மிகச் சின்ன விஷயம். மல்லாந்து படுக்கச் சொல்வேன். எந்தத் தோள்பட்டை தரையில் நன்றாகப் பதிகிறது, எது பதியவில்லை என்று கவனிக்கச் சொல்வேன். முழங்கால்களை ஒரு பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்வேன். "பாதியளவு போதும்" என்பேன். கொஞ்சம் பொறுத்து, "இப்போ அதிலும் பாதி." வியர்த்தால் தப்பு, வலித்தால் அதைவிடத் தப்பு. நான் எதையும் செய்து காட்டமாட்டேன். காட்டினால் என்னைப் பார்த்து ஆடுவார்களே தவிர, தங்கள் உடம்பைக் கேட்கமாட்டார்கள். அவர்கள் கண்ணை மூடிக் கிடப்பார்கள், நான் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல் போட்ட கார் நிறுத்துமிடம். ஹாலுக்கும் பக்கத்து டாக்டர் கிளினிக்குக்கும் அது பொது.

க்ளென் வந்தது ஜனவரிக் கடைசியில், எங்கள் பக்கத்து நடுக்கோடையில், தார் உருகும் வெயிலில். ஊர்க் கோடியிலிருக்கும் இறைச்சி ஆலையில் இருபத்தாறு வருடம் எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் வரிசையில் நின்றவன். பாதி ஊர் அந்த ஆலைச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறது என்பதால் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு மாட்டுத் தொடை கொக்கியிலிருந்து நழுவியிருக்கிறது. விழட்டும் என்று விட்டிருக்கலாம். இவன் கட்டிப் பிடித்திருக்கிறான். அன்றோடு முதுகு போயிற்று. வேலையில் அடிபட்டதற்காக இன்சூரன்ஸ் வாராவாரம் கொடுக்கும் பணத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டிவந்தவள் அவன் மனைவி லினெட். அவன் வெறுங்காலில் ரப்பர் செருப்போடு ஹால் வாசலில் நின்றான்.

"சாக்ஸ் போட முடியலை" என்றாள் லினெட். "ரெண்டு வருஷமா நான்தான் குனிஞ்சு போட்டுவிடறேன். பெத்த பிள்ளைக்குக்கூட இத்தனை நாள் போட்டதில்லை."

க்ளென் சுவரிலிருந்த சர்ச் அறிவிப்புகளைப் படிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயது ஆள். கழுத்து திரும்பவில்லை, இடுப்போடு சேர்த்து ஒரு பலகையாகத்தான் திரும்பினான்.

முதல் நாள் வகுப்பிலேயே எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டான். "இன்னும் கம்மியா பண்ணு க்ளென்" என்றேன். "இதுக்குமேல கம்மியா பண்ணா என்னைப் பெட்டியில வெச்சு மூடிருவாங்க, டீச்சர்" என்றான். அவன் மட்டும்தான் என்னை டீச்சர் என்று கூப்பிடுவான். கிண்டல்தான். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

எட்டாவது வாரமோ என்னவோ, எல்லோரும் அசையாமல் கிடக்கும்போது அவன் குரல் மட்டும் எழுந்தது. "டீச்சர், நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"எப்பலேருந்து?"

"தொண்ணூத்தெட்டுலேருந்து இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வருஷம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் மூச்சை விட்டான். அது விலாவைத் தாண்டி அடிவயிறு வரை இறங்கியதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். இத்தனை வருடத் தொழிலில் நான் பெற்ற கூலி என்று ஒன்று இருந்தால் அந்த ஒரு மூச்சுதான்.

ஏப்ரல் கடைசியில் குளிர் ஆரம்பித்தபோது, ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். லினெட் வழக்கம்போல சாக்ஸோடு வந்து குனியப்போனாள். "கொண்டா அதை" என்று பிடுங்கிக்கொண்டு தானே போட்டுக்கொண்டான். லினெட் சட்டென்று ஹாலைவிட்டு வெளியே போய்விட்டாள். அழுவதை யாருக்கும் காட்டுகிற ரகம் இல்லை அவள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் நான் போனோடு வந்தேன்.

ஏன் என்பதை மறைக்கப் போவதில்லை. என் வகுப்பில் அப்போது ஏழு பேர். அதே ஹாலில் ஆட இடம் கேட்ட வரிசை நடனக் குழுவில் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஹால் கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது. ஜீலாங்கில் இருக்கும் என் அக்கா எப்போது போன் செய்தாலும் "இன்னும் அந்தப் படுக்கற கிளாஸ்தானா?" என்பாள். நாலு வருடம் முட்டி தேயப் படித்த படிப்பு. பக்கத்து கிளினிக் டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரிப்பார். ஒரு முறையாவது யாராவது பார்க்கட்டும் என்று இருந்தது.

லினெட் போனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "எடுக்காத, ஹெதர். இன்சூரன்ஸ்காரன் எங்க தெருவுல கார்ல உக்காந்து படம் பிடிச்சவன். போன வருஷம் இவன் குப்பைத் தொட்டி இழுத்ததை வெச்சே ஆறு மாசம் அலையவிட்டாங்க."

"விடு லின்" என்றான் க்ளென். "சாக்ஸ்தானே போடறேன், கொலையா பண்றேன்?"

அவனுக்கும் ஆசை இருந்தது. இரண்டு வருடமாக அவன் உடம்பைப் படம் பிடித்தவர்கள் எல்லாரும் அதைப் பொய் என்று நிரூபிக்கப் பிடித்தவர்கள். நல்லதைக் காட்டப் பிடிக்கிறேன் என்று வந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஆசை எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன். வீடியோவுக்கு மேலே, "மூன்று மாதத்துக்கு முன்பு இவரால் தன் சாக்ஸைத் தானே போட முடியாது" என்று எழுதி இணையத்தில் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மே முடிவதற்குள் பத்தொன்பது பேர் ஆனார்கள். அராரட்டிலிருந்துகூட இரண்டு பேர் காரில் வந்தார்கள். வரிசை நடனத்துக்குப் புதன்கிழமை கொடுத்தது கமிட்டி. அதே வாரம் க்ளெனுக்கு இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்தது. உடல்நிலை தேறியிருப்பது தெரியவந்திருப்பதால் வாரப் பணம் நிறுத்தப்படுகிறது, வேலைக்குத் திரும்பலாம். அவன் முறையிட்டதில் சமரசக் கூட்டம் ஒன்றுக்கு நாள் குறித்தார்கள்.

அவன் என்மேல் கோபப்படவில்லை. வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "நீ வந்து பேசு டீச்சர். பாதியளவு, அதிலும் பாதின்னு எங்ககிட்ட சொல்லுவேல்ல, அதையே அங்கயும் சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

கூட்டம் நடந்த பாலரட் வரை ஒன்றரை மணி நேரம் காரில் தனியாக, சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'தரையில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சாக்ஸ் போடுவது வேறு. எட்டு மணி நேரம் குளிரறையில் நின்று கத்தி பிடிப்பது வேறு. என் வகுப்பு அவருக்கு முதலாவதைத்தான் கொடுத்திருக்கிறது. இரண்டாவதைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது.' கடைசி மூன்று வார்த்தைகளைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் இறங்கியது. அதை அப்போதே கவனித்தேன்.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு வயதான அம்மாள். வலிக்கிற தன் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "உங்க வீடியோவை நாலு தடவை பார்த்தேன், ரொம்ப அழகா இருக்கு" என்றார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் தரப்பில் ஒரு இளைஞன். மேசைக்கு நடுவே வீடியோவை ஓடவிட்டான். "ஆஹா!" என்றது என் குரல்.

"அவருக்கு யாராவது கை கொடுத்தாங்களா?"

"இல்லை."

"வலி இருந்துச்சா?"

"இல்லை. வலிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திக்கறதுதான் எங்க..."

"அப்போ வலியில்லாம செஞ்சார்." எழுதிக்கொண்டான். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டான். "இல்லை, அது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கிடைக்கிற சுகம்தானா? வீட்டுக்குப் போனா பழையபடி ஆயிடுமா? அப்படின்னாலும் பரவால்லை, சொல்லுங்க. ஆனா நீங்க போட்டிருக்கற விளம்பரத்துல அப்படி இல்லையே."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சிக்கலாக்க வேண்டாம். உங்க பயிற்சி பலன் தருதா, இல்லையா?"

எதிரில் க்ளென் இருந்தான். நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் உடம்பைக் கவனித்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு? தாடை இறுகியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு மனுஷி பொய் சொல்லப் போகிறாள் என்பதற்கான எல்லா அடையாளமும் இருந்தது. பத்தடி தூரத்திலிருந்து அடுத்தவர் உடம்பில் இதைக் கண்டுபிடித்துவிடுவேன். என் உடம்பிலும் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு, "தருது. நிச்சயமா தருது" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த இளைஞன் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. என் வாக்கியத்தைச் சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். யாரும் என் வாயை அடைக்கவில்லை. நான் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டேன்.

வெளியே நடைவழியில் லினெட் கோட்டின் கையை விரித்துப் பிடித்திருக்க, க்ளென் அதற்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தான். "சரியாத்தான் சொன்ன டீச்சர். பலன் தந்துச்சே" என்றான். குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும். லினெட் கோட்டின் பொத்தான்களைப் போட்டு முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "இனிமே இவன் பேரை உன் வாயால சொல்லாத."

வீடியோவை எடுத்துவிட்டேன். உடனே இல்லை, மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளில் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள்.

ஆலையில் அவனுக்கு முதலில் பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்களாம். பிறகு வரிசையில் ஆள் குறைந்த ஒரு நாள், ஒரு மணி நேரம் நில் என்றார்களாம். அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரமாகி, அதுவே நிலைத்துவிட்டதாம். எல்லாம் மாரிஸ் சொல்லித்தான் தெரியும். "க்ளென் மறுபடி கத்தி பிடிக்கிறான். உன் கிளாஸாலதான்னு ஆலை பூரா பேச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, பாராட்டாத்தான் சொல்றாங்க ஹெதர்" என்றார்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஆகஸ்ட் கடைசி, பத்து மணியாகியும் புல்லில் உறைபனி விடவில்லை. இருபத்திரண்டு பாய்கள் விரித்திருந்தார்கள். எல்லோரையும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னேன். முழங்காலை வலது பக்கம் சாய்க்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போனேன்.

வெளியே லினெட்டின் வண்டி நின்றிருந்தது. கிளினிக் கதவைத் திறந்துகொண்டு க்ளென் வந்தான். கயிறு கட்டாத பூட்ஸ், உள்ளே வெறுங்கால். நரம்பைச் சோதிக்க டாக்டர் உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்த்திருப்பார், சாக்ஸை மறுபடி மாட்டிக்கொள்ள முடிந்திருக்காது. வண்டிக் கதவைப் பிடித்து, பலகையாகத் திரும்பி, இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தான். லினெட் கோட் பையிலிருந்து அந்தச் சாம்பல் நிற சாக்ஸை எடுத்தாள். சரளைக்கல்லில் முழங்கால் போட்டு, பூட்ஸைக் கழற்றி, அவன் இடது காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்தாள்.

"பாதியளவு" என்றேன் ஹாலுக்குள். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருபத்திரண்டு பேரின் முழங்கால்களும் சொன்னபடி சின்னதாகச் சாய்ந்தன.

க்ளென் நிமிர்ந்தான். ஜன்னலில் என்னைப் பார்த்தான். பார்வையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"அடுத்தது என்ன, ஹெதர்?" என்றார் மாரிஸ், கண்ணைத் திறக்காமல்.

சாக்ஸ் குதிகாலில் சிக்கிக்கொண்டிருந்தது. லினெட் இரண்டு கையாலும் இழுத்தாள். குனிந்திருந்த அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளை ஆவியாக வந்து வந்து கலைந்தது. க்ளெனின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.