கொஞ்சம்தான் வலிக்கும்

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆள் நேரில் வருகிறார் என்றதும் அவள் செய்த முதல் காரியம், புருஷனைக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்ததுதான்.

“எத்தன நாளா வலின்னு கேப்பாரு. என்ன சொல்வீங்க?”

“ரெண்டு வாரமா.”

“அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட அஞ்சு வருஷம்னு சொன்னீங்க?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்த வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘பத்துமடங்கு’. இரண்டு மாடிக்கு நடுவில் மூன்று பேர் மாட்டிக்கொண்டால், அவர் வீடு வந்து சேர்வதற்குள் அது முப்பது பேராகிவிடும். அதில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் இருப்பாள். தூறல் விழுந்தால் ஊரே மிதந்தது என்பார். பொய் சொல்லி யாரிடமும் காலணா வாங்கியதில்லை, பாவம். உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற கருணைதான். கல்யாணமான புதிதிலேயே அவள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அவர் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்து, வருவதை மட்டும் எடுத்துக்கொள்வாள். அந்தக் கணக்கில் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

வேலையிடத்தில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பித்தப்பை நிறையக் கல். சின்ன வயசு டாக்டர் ஒருவர் எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் மனுஷன், “அது கெடக்கு டாக்டர், அஞ்சு வருஷமா. நான் அதைக் கண்டுக்கறதே இல்ல” என்றார். பக்கத்தில் நின்ற அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பாலிசி எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முன்பே இருந்த நோயை மறைத்து எடுத்த பாலிசி, பணம் தர முடியாது என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த வாய் குடியைக் கெடுத்தது.

கெட்டது அவள் தம்பியின் குடி. செல்போன் ரிப்பேர் கடை வைக்க முன்பணம் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை, அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஆஸ்பத்திரியில் கட்டினான். திருப்பிக் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான், “மாமா சாப்பிட்டாரா?” என்பான், போய்விடுவான். கேட்டிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். கேட்காததுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த மாதம் தாண்டினால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அவள் செருப்புக் கடையில் பில் போடுபவள். சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போன் போடுவாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள். ஒவ்வொரு தடவையும் புதுக் குரல், ஒவ்வொரு தடவையும் பித்தப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “உங்கள் பொறுமைக்கு நன்றி மேடம்” என்று ஒருவன் சொன்னபோது, “எனக்குப் பொறுமை இருக்குன்னு உனக்கு யாருப்பா சொன்னது?” என்று கத்தியேவிட்டாள். கடைசியில் ஒரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “சார் மிகைப்படுத்திப் பேசுறவர்னு தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கொடுத்தா அனுப்புங்க மேடம். மறுபடி பாக்கச் சொல்றேன்.”

இதைவிடச் சுலபமான வேலை உண்டா? அவர் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். மேற்படியாரின் பேச்சை அப்படியே நம்பக் கூடாது என்று மேற்பார்வையாளர் முத்திரை குத்தியே கொடுத்தார். கீழ்வீட்டு அக்கா கையெழுத்துப் போடும்போது சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அவரும் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தார். “அடேயப்பா, நூறு பேரு எழுதியிருப்பாங்க போலிருக்கே!” என்று சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஆப்பரேஷன் செய்த உடம்பு, அசதி என்று அவள் நினைத்தாள்.

அதிகாரி வந்தார். படியேறிய களைப்பில் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கடிதங்களைப் புரட்டினார். இரண்டு இடத்தில் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். புருஷனும் பாடம் பிசகாமல் இரண்டு வாரம் என்றார், பேச்சுக்குச் சொன்னேன் என்றார். அவளுக்கு உயிர் வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே, “அந்த வலியோட வேலைக்கும் போனீங்களா?” என்று கேட்டார்.

“போனேன் சார். கொஞ்சம்தான் வலிக்கும். லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து, டூல்ஸ் பைய வயித்தோட அணைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் குனிஞ்சிருந்தாப் போயிடும். அங்க இருட்டு, யாருக்கும் தெரியாது. பழகிடுச்சு.”

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. விரலில் முள் குத்தினால் ஈட்டி பாய்ந்தது என்பவர். வகுப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? இரண்டு வாரத்தில் எது பழகும்?

அதிகாரியின் பேனாவும் நின்றுவிட்டது. “பழகிடுச்சா?” என்றார். சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்ட பிள்ளை மாதிரி அவர் அவளைப் பார்த்தார். அதிகாரியும் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றத எழுதிக்கறேன்.”

ரெண்டே வாரம்தான் சார், இவரு எப்பவும் இப்படித்தான். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தம்பியின் கடை அதில் இருந்தது. வாயைத் திறந்தாள். வேறு ஏதோ வந்தது.

“எங்கிட்ட ஏங்க சொல்லல?”

“சொன்னேனே,” என்றார் அவர். எந்த மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். “சொன்னப்பல்லாம் நீ சிரிச்சே.”

குத்திக்காட்டும் தொனி அதில் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இந்த மனுஷனை நம்பாதீர்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதி வாங்கியிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய் அவர் நாற்காலியோடு ஒட்டி இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க வலிச்சுது?”

“இப்ப ஒண்ணும் இல்லம்மா…”

“அப்ப வலிச்சுதே. எங்கன்னு காட்டுங்க.”

அவர் அதிகாரியைக் கூச்சத்தோடு பார்த்தார். பிறகு அவள் கையை எடுத்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து, மெல்ல அழுத்திக் காட்டினார். எதிரே அதிகாரி, மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த கடிதங்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையில் பேனாவோடு காத்திருந்தார்.